கந்தகத்துக்குப் பிடித்த பாட்டு

மணமேல்குடி,
12.10.2025

அன்புள்ள எருமை சுடர்விழிக்கு,

இசைவாணி எழுதிக்கொள்வது. நான் நலம். என் நாக்கு மட்டும் அனாதையாகக் கிடக்கிறது. ஹாஸ்டல் சாம்பாரில் நீச்சல் தெரியாத பருப்பு ஒன்று விழுந்து ஒரு வாரமாகிறது, உடலை இன்னும் தேடுகிறோம். நீ, பொன்னுத்தாய் அத்தை, கந்தகம் மூவரும் நலமா? உன் அப்பாவையும் கேட்டதாகச் சொல். சொல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ஒரு அறிவிப்பு. இங்கே போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் விடுதி சிஸ்டர் படித்துவிட்டுத்தான் விடுவார். ஆகவே, சிஸ்டர், வணக்கம். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திவிடுங்கள்.

போன் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆபீஸ் ரூம் போனில் பேச விடுவார்கள். எல்லாம் அந்த விளையாட்டு விழாவால் வந்தது. அணிவகுப்புக்குப் பேண்டு வாத்தியம் போட வேண்டிய இடத்தில் 'இரும்புப் பல்' ஓடியதற்கு நான் என்ன செய்வேன்? பென்டிரைவை மாற்றினேன், அவ்வளவுதானே! என்.சி.சி. பையன்கள் தலையை ஆட்டிக்கொண்டே சல்யூட் அடித்தார்கள். சிறப்பு விருந்தினர்கூடத் தொடையில் தாளம் போட்டார். மஸ்கட்டிலிருந்து என் அப்பா போட்ட சத்தத்தில்தான் தாளம் தப்பியது. "அவள ஹாஸ்டல்ல தள்ளு!" பெயர் மட்டும் இசைவாணி என்று வைப்பார்களாம், இசையைக் கேட்டால் நாடு கடத்துவார்களாம்.

சிஸ்டருக்காக ஒரு விளக்கம்: 'இரும்புப் பல்' பாடியவர் கந்தகம் கிளாரா. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவர். பாதித் தலையை மழித்துக்கொண்டு, எலெக்ட்ரிக் கிட்டாரைப் பிடித்து, தமிழில் ராக் பாடுகிறவர். வயது ஐம்பது. நானும் சுடரும் இரண்டாம் வகுப்பு படிக்கையில் என் சித்தப்பாவின் லோடு வண்டியில் முதன்முதலாகக் கேட்டோம். அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்கியது எங்கள் உடம்பு மட்டும்தான். 'இரும்பைக் கடித்தவளுக்கு எலும்பு எம்மாத்திரம்' என்று அவர் கத்தும்போது எனக்கு இப்போதும் பின்கழுத்து மயிர் நிற்கும். சுடர் வளர்க்கிற காளைக்கே கந்தகம் என்றுதான் பெயர்.

இப்போது சேதி. மூச்சைப் பிடித்துக்கொள். ஏப்ரல் பதினெட்டாம் தேதி கிளாரா திருச்சிக்கு வருகிறார்! நாம் போகிறோம். செத்தாலும் போகிறோம்.

ராக்கன் பெற்ற ராக் ரசிகையே, உடனே பதில் போடு.

உன்
இசை


திருமயம்,
27.10.2025

அன்பும் அறிவும் இல்லாத இசைக்கு,

நாங்கள் நலம். கந்தகம் நலமோ நலம். சிஸ்டருக்கும் வணக்கம்.

நீ கேட்காமலே சொல்கிறேன். என் போன் கடப்பாரையில் இடித்து உடைந்துபோயிற்று. கடப்பாரை மேலேயிருந்து வந்தது, அதுதான் விஷயம். இனிமேல் எங்கள் வீட்டுக்கு அப்பாவின் போன் ஒன்றுதான். கடிதத்தை உன் வீட்டு விலாசத்துக்கே போடு, உன் அம்மா என்னிடம் தந்துவிடுவார். எங்கள் வீட்டில் காகிதத்தைக் கண்டால் அடுப்புக்குப் பசி எடுத்துவிடும்.

அம்மாவுக்கு இடது கண் வீங்கியிருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டாளாம். எங்கள் வீட்டில் எத்தனை கதவு என்று உனக்குத் தெரியும். விடு.

கந்தகத்துக்குத் திமில் இப்போது என் தலை உயரம். பருத்திக்கொட்டை வைக்கும்போது நான் வாயாலேயே 'இரும்புப் பல்' கிட்டாரை வாசித்தால் போதும், ஆடாமல் நின்று தாடையை என் தோளில் வைத்துவிடும். தோள் இறங்கிப்போகும், நகரமாட்டேன். அப்பா பக்கத்தில் வந்தால் மட்டும் மண்ணைக் குத்தும். அவர் கையில் எப்போதும் ஆணி வைத்த குச்சி இருக்கிறதே.

ஜனவரியில் நம் ஊர் ஜல்லிக்கட்டு. நேற்று அப்பா சேக்காளிகளிடம் சொல்கிறார்: "போன வருசம் ஒருத்தன் கொடல மட்டுந்தாண்டா பாத்துச்சு. இந்த வருசம் உசுர வாங்கிட்டுத்தான் வாடிவாசல விட்டு நகரும், பாருங்க." அந்த ஒருத்தன் தங்கமுத்து. பக்கத்து ஊர். நம்மைவிட மூன்று வயது பெரியவன். இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். அவன் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நான் அங்கிட்டுப் பார்க்கமாட்டேன். அவனைக் குத்திய கொம்பைக் கழுவியது நான்தான், இசை.

இந்த வருஷம் கந்தகம் யாரையும் குத்தக்கூடாது. உன் மண்டையில் ஏதாவது தோன்றுகிறதா? அரையாண்டு லீவில் வரும்போது யோசித்துக்கொண்டு வா.

உன்
சுடர்


மணமேல்குடி,
4.1.2026

அன்புச் சுடருக்கு,

நலம், நலமறிய அவா. லீவில் உன் வீட்டில் தின்ற பணியாரம் வயிற்றைவிட்டுப் போனாலும் மனதைவிட்டுப் போகவில்லை. அத்தை கைக்கு வளையல் போடாதே, கோயில் கட்டு. அத்தை ஏன் பேசவே மாட்டேன் என்கிறார்? நான் அடித்த நகைச்சுவைக்குச் சுவர்கூடச் சிரித்தது.

லீவில் பேசியதை ஒரு தடவை உறுதி செய்துகொள்கிறேன். (சிஸ்டர், இது ஜீவகாருண்யம். பைபிளிலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.)

மைக் செட் சூசைராஜ் எனக்கு மாமா முறை. சொல்லிவிட்டேன். "ஏத்தா, கமிட்டிக்காரன் என்னைய உரிச்சுப்புடுவான்" என்றார். "மாமா, ஒங்க ஆம்ப்ளிஃபயரை வெச்சு ஒரு உசுரக் காப்பாத்தப் போறீங்க" என்றேன். மனிதர் உருகிவிட்டார். உன் அப்பாவின் மாடு என்று அறிவித்ததும் 'இரும்புப் பல்' போட்டுவிடுவார். கந்தகம் வாடிவாசலில் வெளியே வரும், பாட்டைக் கேட்கும், பருத்திக்கொட்டை வருகிறது என்று நினைத்து நிற்கும். யாராவது திமிலைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போகட்டும். குடல் அவரவர் வயிற்றிலேயே இருக்கும்.

உன் அப்பாவுக்குப் பரிசாக வருகிற ஒரு பீரோ நஷ்டம். அவ்வளவுதானே?

எல்லாம் முடிந்ததும் வரி விடாமல் எழுது.

இசை


திருமயம்,
3.2.2026

அன்புள்ள இசைக்கு,

நலமா? இங்கு எல்லோரும் இருக்கிறோம்.

வரி விடாமல் கேட்டாய். முதல் சுற்றிலேயே ஒருவன் தொடை கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்து ஒரு செவலை, தடுப்புக்கட்டையை உடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவரின் நெஞ்சில் ஏறியது. அவர் விழுந்த சத்தம் மைக்கிலேயே கேட்டது. தென்னைநாரில் ரத்தம் ஊறி மிதித்தால் சளக்கென்றது. மூன்றாம் சுற்றில் மைக்கில் கத்துகிறார்கள்: "வருதுப்பா வருது, ராக்கன் மாடு வருது! போன வருசம் கொடல உருவுன மாடு! தொட்டுப் பாரு, தொட்டவன் வீட்டுக்குப் போகமாட்டான்!"

அப்போது கிளாரா கத்தினார் இசை. எட்டு ஒலிபெருக்கியிலும்.

கந்தகம் இரண்டு பாய்ச்சல் வந்து நின்றது. கழுத்தை நீட்டிக் கூட்டத்தில் என்னைத் தேடியது. மாடுபிடிக்கிறவர்களே பயந்து பின்வாங்கினார்கள், ஏதோ தந்திரம் என்று. பிறகு ஒருவன் திமிலில் கைபோட்டான். ஒருவன் முத்தம் கொடுத்தான். ஒருவன் செல்ஃபி எடுத்தான். மைக்கில், "என்னப்பா ராக்கா, மாட்ட வளத்தியா மாப்ள வளத்தியா? தாலாட்டு போட்டாத்தான் வருமாக்கும்!" ஊரே சிரித்தது. தங்கமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு எழுதுகிறமாதிரி ஒன்றும் இல்லை.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இடது கையால் எழுதிப் பழகுகிறேன். பொழுது போகவேண்டுமே.

சுடர்


திருமயம்,
24.2.2026

இசைக்கு,

நலம்தானே? நீ போட்ட மூன்று கடிதமும் வந்தன. பதில் போடாததற்கு மன்னித்துக்கொள்.

ஒன்று சொல்லவேண்டும். இனிமேல் கிளாராவைப் பற்றி எனக்கு எழுதாதே. பாட்டு வரியும் எழுதாதே. திருச்சிக்கு நான் வரவில்லை.

வேறு என்ன வேண்டுமானாலும் எழுது.

சுடர்விழி


மணமேல்குடி,
1.3.2026

உயர்திரு சுடர்விழி அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமில்லை, அதனால் தங்களுக்கு என்ன?

நான்கு வரி எழுதியிருக்கிறாய். மின்சார வாரியம்கூட மின்தடைக்கு இதைவிட நீளமாகக் காரணம் எழுதும். ஒன்பது வருஷம்டி. ஏழாம் வகுப்பில் இருவரும் பாதித் தலையை மழித்துக்கொண்டு போய் நின்றோமே, உனக்கு எவ்வளவு அடி, எனக்கு எவ்வளவு அடி! அன்றைக்குக்கூட நீ அவரை விடவில்லை. இப்போது 'எழுதாதே' என்று உத்தரவு போடுகிறாய். பெரிய கலெக்டர்.

அதுகூடப் பரவாயில்லை. நேற்று அம்மா வந்திருந்தாள். என்ன சொன்னாள் தெரியுமா? "ராக்கன் வீட்டு மாட்டுக் கொட்டகையில தெனம் சாயங்காலம் ஒங்க அந்தக் கத்தல் பாட்டுத்தான். தெருவே காதப் பொத்துது. மாடு வேற கூடச் சேந்து கத்துது."

அப்படியா சங்கதி? நீ தினமும் கேட்பாய், உன் மாடும் கேட்கும், நான் மட்டும் எழுதக்கூடாது. என்னை மட்டும் கழற்றிவிடுகிறாய். பொய் சொல்வதற்கு முன் பாட்டின் சத்தத்தையாவது குறைத்து வைத்திருக்கலாமே, துரோகி.

இனி நீயாக எழுதினால் எழுது.

இசைவாணி


திருமயம்,
8.3.2026

இசை,

இதை உன் அம்மா கொண்டுவருகிற அதிரச டப்பாவுக்கு அடியில் வைத்தனுப்புகிறேன். சிஸ்டர் படிக்கவேண்டாம்.

பாட்டுப் போடுவது நான் இல்லை. அப்பா.

ஜல்லிக்கட்டு முடிந்து வந்த அன்று என்ன நடந்தது என்று நான் எழுதவில்லை. முதலில் என் வலது கை. உலக்கையால் ஒரே அடி. மணிக்கட்டுக்கு மேல் எலும்பு முறிந்த சத்தம் விறகு ஒடிந்தமாதிரி இருந்தது. குறுக்கே வந்த அம்மாவை மிதித்தார். நான் வலியில் கத்தும்போது அவர் கத்தவேயில்லை. யோசித்துக்கொண்டே அடித்தார். அப்புறம் போனை எடுத்து, அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

பாட்டு ஆரம்பித்ததும் கந்தகம் வழக்கம்போலக் கழுத்தை நீட்டியது இசை. தாடையை வைக்கத் தோள் தேடியது. அவர் இரும்புக் குழாயால் மூக்கில் அடித்தார்.

அன்றிலிருந்து தினமும் நடக்கிறது. பாட்டு ஓடுகிறவரை அடி, பாட்டு நின்றால் அடியும் நிற்கும், தண்ணீர் வைப்பார். மறுபடி பாட்டு. மூக்கு, விலா, கொம்படி. ஆணிக்குச்சியை எங்கே குத்துகிறார் என்று எழுதமாட்டேன். கயிற்றை நான்தான் பிடிக்கவேண்டும், இடது கையால். விட்டால் அம்மாவுக்கு விழும். "அடுத்த வருசம் எவனாச்சும் அந்தப் பாட்டப் போடட்டும்டி. நாலு பொணம் விழும். அப்ப சிரிங்கடா." இதுதான் அவருடைய கணக்கு.

முதல் பத்து நாள் அது நடுங்கியது. அப்புறம் நடுங்குவதில்லை. கிட்டாரின் முதல் இழுப்பிலேயே கண் சிவந்து அவர் சட்டைப்பையைக் குறிவைக்கிறது. அவருக்குச் சந்தோஷம். "பாத்தியா, படிச்சுருச்சு" என்கிறார்.

எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. நீ போன கடிதத்துக்கு முந்தியதில் ஒரு வரி எழுதியிருந்தாய், இரும்பு, எலும்பு என்று. படித்ததும் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன். அதனால்தான் எழுதாதே என்றேன். உன்னைக் கழற்றிவிடவில்லை.

நீ நலமா?

சுடர்


மணமேல்குடி,
10.3.2026

சுடர்,

அம்மா நாளைக் காலை கிளம்புவதற்குள் எழுதுகிறேன். நான் எழுதியதையெல்லாம் நினைத்தால் என் கையையே கடிக்கவேண்டும்போல் இருக்கிறது. சூசைராஜ் மாமாவுக்குப் பாட்டை பென்டிரைவில் கொடுத்தது நான். பீரோ நஷ்டம் என்று எழுதியதும் நான்.

உன் கடிதத்தை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். திட்டாதே. அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்குன்னு ஒரு நம்பர் இருக்கு" என்று சொல்லி என் முன்னாலேயே குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் பண்ணி, உன் பெயர், ஊர் எல்லாம் சொன்னார். வருவார்கள். வந்தால் எல்லாவற்றையும் சொல்லு. கையைக் காட்டு. அத்தையையும் சொல்லச் சொல்லு.

அதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்ப முடிந்தால் என் வீட்டுக்குப் போ. அம்மாவிடம் சொல்லியாயிற்று. அம்மா அரிவாள்மணையை வாசலில் போட்டுக்கொண்டு உட்காருவாள், எனக்குத் தெரியும்.

கிளாராவைப் பற்றி ஒரு எழுத்து எழுதமாட்டேன்.

இசை


திருமயம்,
24.3.2026

அன்பு இசைக்கு,

நலமா? சிஸ்டரைக் கேட்டதாகச் சொல். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை உன் அம்மா மூலமாகவே அனுப்புகிறேன், இந்தத் தடவை நீ மட்டும் படி.

ஒரு மேடமும் ஒரு சாரும் வந்தார்கள். அப்பா, "வாங்க மேடம், உக்காருங்க. டீ சாப்புடுறீங்களா?" என்று நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். என் கையைப் பார்த்துக் கேட்டார்கள். நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டு, "மாடு தட்டிவிட்டுருச்சுங்க" என்றாள். அவள் கால்விரல் தரையை நோண்டுவதைப் பார்த்ததும் என் வாயும் அடைத்துக்கொண்டது. மறுபடி வருவோம் என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஜீப் ரோட்டில் திரும்பும்வரை அப்பா காத்திருந்தார். அம்மாவின் தலைமுடியைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப் போனார். கந்தகத்துக்கு முன்னால் அவளைத் தள்ளிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

கயிறு ஒரு முழம் குட்டையாக இருந்தது. அதனால் அம்மா இருக்கிறாள். கொம்பு அவள் ரவிக்கையைக் கிழித்துவிட்டு நின்றது. அவள் கத்தவில்லை, மூத்திரம் போய்விட்டாள். அவர் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அடுத்த தரம் ஆளு வந்துச்சு, கயித்த அவுத்துட்டுத்தான் பாட்டப் போடுவேன். ஆத்தாளுக்கும் மகளுக்கும் சேத்து."

அடுத்த தரம் என்று ஒன்று இருக்கிறது, இசை. அந்த மேடம் மறுபடி வருவார்கள். நல்லவர்கள், கண்டிப்பாக வருவார்கள்.

சரி. நீ எனக்கு ஒரு காரியம் செய்யவேண்டும். வருகிற ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு அப்பா நம்பருக்குப் போன் பண்ணு. உன் ஹாஸ்டல் ஆபீஸ் போனிலிருந்துதான் பண்ணவேண்டும், வேறு எதுவும் வேண்டாம். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடி. அந்த நேரத்தில் அவர் மாட்டைக் கண்மாயில் நீந்தவிட அவிழ்த்துப் போவார். நான் எடுத்துப் பேசுகிறேன்.

உன் குரலைக் கேட்டு மூன்று மாதமாகிறது எருமை. சாம்பாரில் பருப்பு கிடைத்ததா?

சுடர்


மணமேல்குடி,
29.3.2026, ஞாயிறு

அன்பு எருமைக்கு,

நலமா? நான் கடுப்பில் நலம்.

உன்னை நம்பி வரிசையில் முதல் ஆளாக நின்றேன். ஐந்தரைக்கு அடித்தேன். மணி போகிறது போகிறது, யாரும் எடுக்கவில்லை. பின்னால் நின்ற இலக்கியா, "அக்கா, அங்கிட்டு ஆள் இல்ல போல, விடுங்க" என்றாள். "ஆள் இருக்கு, அறிவுதான் இல்ல" என்று மறுபடி அடித்தேன். அதுவும் முழுசாகப் போய் நின்றது. மூன்றாம் தடவை ரொம்ப நேரம் கழித்து யாரோ எடுத்தார்கள். "ஹலோ ஹலோ, சுடர், நாந்தாண்டி" என்று கத்துகிறேன். ஒரே மூச்சுச் சத்தம். இரண்டு பேர் மூச்சு விடுகிறமாதிரி, ஒன்று சின்னதாக, ஒன்று பெரிதாக. தூரத்தில் ஜனங்கள் கத்துகிறார்கள். கட்டாகிவிட்டது.

யாரடி அது? கண்மாய்க்குள்ளே போனை நீந்தவிட்டாயா? குரல் கேட்டு மூன்று மாதம் என்று உருகினாய், எனக்கு மூச்சை மட்டும் பார்சல் அனுப்புகிறாய்.

பருப்பு கிடைத்துவிட்டது. அடக்கம் செய்தாயிற்று.

கை எப்படி இருக்கிறது? உடனே எழுது.

இசை


திருமயம்,
6.4.2026

இசைக்கு,

அம்மாவும் நானும் நலம். இதை எழுதும்போது வேண்டுமென்றேதான் 'நலம்' என்று போடுகிறேன்.

உன் அம்மா சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் சொல்லவேண்டும்.

அப்பா மாட்டை அவிழ்த்து, தெருவில் உன் வீட்டைத் தாண்டும்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. 'இரும்புப் பல்'. கயிறு அவர் கையில் சுற்றியிருந்தது. அவர் பையில் கைவைத்து அணைப்பதற்குள் கொம்பு பைக்குக் கீழே வயிற்றுக்குள் போய்விட்டது. தூக்கி அடித்தது. அவர் விழுந்தார், கயிறு கையில் சுற்றியிருந்ததால் விலக முடியவில்லை. பாட்டு நின்றது. மாடும் நின்றது. அவர் எழுந்து சுவரைப் பிடித்தார். வயிற்றைக் கையால் பொத்தியிருந்தார், விரல் இடுக்கில் எல்லாம் வழிந்தது. "ஏய், பொன்னுத்தாயி" என்றார். அம்மா வாசலில் நின்றாள். நகரவில்லை. அப்போது மறுபடியும் அடித்தது.

இரண்டாவது தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன். காது மூட வரவில்லை, ஒரு கைதானே சரியாக இருக்கிறது.

அப்புறம் கயிறு அவர் கையை விட்டு நழுவ, கந்தகம் தெருக்கோடி வரை ஓடி நின்றது. கிழிந்த சட்டை கொம்பில் தொங்கியது, போன் அதற்குள்ளேயே இருந்தது. யாரும் கிட்டே போகவில்லை. நான் போனேன். நான் கைநீட்டும்போது மூன்றாவது தடவை அடித்தது. அது தலையைத் தாழ்த்தியது. இத்தோடு சரி என்று நினைத்தேன். ஆனால் அது என்னை மோந்து பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டே நின்றது. போனை உருவி எடுத்தேன். நிறுத்தத் தெரியாமல் பச்சையை அழுத்திவிட்டேன். நீ கத்தினாய். எனக்குப் பேச வரவில்லை. பெரிய மூச்சு அதனுடையது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் லேணாவிளக்கு தாண்டும் முன்னேயே முடிந்துவிட்டது.

பெரியப்பா செந்தமிழன் காரியத்தன்றே மாட்டை அடிமாட்டுக்கு விலை பேசிவிட்டார். அம்மா முக்காட்டை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "அது இங்கதான் நிக்கும். கயித்துல கை வச்சா நடக்குறது வேற." இசை, அம்மாவின் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது.

போலீஸ் போனை எடுத்துப்போயிருக்கிறது. மற்ற எல்லா நம்பருக்கும் பழைய மணிதானாம், உன் ஹாஸ்டல் நம்பரை மட்டும் யாரோ தனியாகச் சேமித்து அதற்கு இந்தப் பாட்டை வைத்திருக்கிறார்களாம். கொட்டகையில் நடந்தது தெருவுக்கே தெரியும். அதனால் யார் வைத்தது, எப்போது வைத்தது என்று கேட்கிறார்கள். அம்மாவுக்குப் பச்சை, சிவப்பு தவிர ஒன்றும் தெரியாது என்று எழுதிக்கொண்டார்கள். என்னைப் பதிமூன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டால் தூங்கலாம்போல் இருக்கிறது. ஆனால் அம்மா தனியாகிவிடுவாள்.

உன்னிடம் ஒன்று கேட்காமல் உன் விரலை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சுடர்


மணமேல்குடி,
10.4.2026

அன்புச் சுடருக்கு,

நலம். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். கந்தகத்துக்கும்.

இதை வாங்கின கையோடு உட்கார்ந்து படி, பதிமூன்றாம் தேதிக்கு முன்னால் படிக்கவேண்டும் என்றுதான் அம்மாவை ராத்திரி பஸ்ஸுக்கு விரட்டுகிறேன்.

நேற்று உன் கடிதம் வந்த ஒரு மணி நேரத்தில் ஒரு எஸ்.ஐ. மேடம் இங்கே வந்தார்கள். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஞாயிறு மூன்று தடவை ஏன் கூப்பிட்டாய் என்றார்கள். "சுடர்கூடப் பேசத்தான் மேடம்" என்றேன். அது நிஜம்தானே.

"அந்தப் பாட்ட இந்த நம்பருக்கு வச்சது யாரு?"

"நான்தான் மேடம்."

எப்படி என்று கேட்டார்கள். "அரையாண்டு லீவுல அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். பணியாரம் சாப்பிடும்போது மாமா போன் மேசையில கெடந்துச்சு. நான் ஹாஸ்டல்லேருந்து கூப்புட்டா அவரு அலறி எந்திரிக்கணும்னு வெளாட்டுக்கு வச்சேன். அப்புறம் மறந்துட்டேன்."

"டிசம்பர்லயா?"

"டிசம்பர்ல."

டிசம்பரில் கந்தகத்துக்கு அந்தப் பாட்டென்றால் பருத்திக்கொட்டை. அதை ஊரே சொல்லும், வாடிவாசலில் எட்டு ஒலிபெருக்கியில் பார்த்தார்கள். அந்த ஞாயிறுவரை நான் அவர் நம்பருக்குக் கூப்பிட்டதேயில்லை, அதனால் அந்த மணியை யாரும் கேட்கவில்லை. எல்லாம் பொருந்துகிறது பார்த்தாயா? சிஸ்டரிடம் என்னைப் பற்றிக் கேட்டார்கள். விளையாட்டு விழாவிலிருந்து, போன மாதம் நான் பிரேயர் மணியைச் சமையலறை மணியோடு மாற்றியதுவரை சிஸ்டர் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவேயில்லை. உன் மார்ச் மாதக் கடிதத்தை இரண்டு தடவை படித்தவர் அவர். அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எஸ்.ஐ. மேடம், "வெளாட்டா இருக்கா ஒனக்கு? ஒரு மனுசன் செத்துருக்காரு" என்றார்கள். நான் அழுதேன். அது மட்டும் நடிப்பில்லை. அந்த இரண்டாவது தடவை, இலக்கியா போதும் என்றாள், நான்தான் மறுபடி அடித்தேன். அது என் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்காத மணி.

எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். மறுபடி கூப்பிடுவார்களாம். அடுத்த வருஷம் ஹாஸ்டலில் எனக்கு இடமில்லை. பதினெட்டாம் தேதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வருகிறேன். திருச்சி வழியாக வரமாட்டேன், அறந்தாங்கி வழியாக வருகிறேன். கிளாரா யாருக்கு வேண்டுமானாலும் பாடட்டும்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கொன்றதற்கு இல்லை. நீ என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் போன் அடித்திருப்பேன். அதை நீ தெரிந்துகொண்டிருக்க வேண்டும், ஒன்பது வருஷத்தில்.

படித்ததும் இதைக் கந்தகத்துக்குத் தின்னக் கொடு. உன்னுடையவற்றை நான் ஹாஸ்டல் அடுப்பில் போட்டுவிட்டேன், அன்றைக்குத்தான் சாம்பார் கொதித்தது.

பதிமூன்றாம் தேதி கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது. அந்த எருமை எப்போதும் இப்படித்தான் செய்யும் என்று சொல். எப்போது வைத்தாள் என்று கேட்டால் டிசம்பர். சொல்லிப் பார், சத்தமாக. டிசம்பர்.

உன்
இசை